ஹால் ஜன்னல் 5 அடி, கடைக்காரர் 3 பார்ட் துணி வேணும்ங்கறார்: ஏமாத்தறாரா?

6 ஏப்ரல், காலை 11:20 (கேள்வி)

அண்ணா, அக்கா, தெரிஞ்சவங்க சொல்லுங்க. புது ஃப்ளாட், சென்னை. ஹால் ஜன்னலை டேப் வெச்சு நானே அளந்தேன், அகலம் 5 அடி, உயரம் 4.6. ஸ்கிரீன் துணி 4 அடி அகலத்துல வருது. 2 பார்ட் எடுத்தாலே 8 அடி ஆச்சு, 3 அடி மிச்சம். ஆனா கடைக்காரர் 3 பார்ட் வேணும், ஒவ்வொண்ணும் 2.6 மீட்டர்னு கணக்கு போடறார். ஜன்னலே நாலரை அடிதான் உயரம், அதுக்கு எதுக்கு 2.6 மீட்டர்? வீட்டுக்காரம்மா பக்கத்துல இருந்ததால சண்டை போடாம வந்துட்டேன். இது வழக்கமான ஏமாத்துதானே?

6 ஏப்ரல், மதியம் 1:05

ஏமாத்தலை தம்பி. 3 பார்ட்டும் சரி, 2.6 மீட்டரும் சரி. நீங்க ஜன்னலை அளந்துட்டுப் போயிருக்கீங்க, அவர் ராடை மனசுல வெச்சு கணக்கு போட்டிருக்கார். ஸ்கிரீன் ஜன்னல்ல தொங்காது, ராடுல தொங்கும். அவ்வளவுதான் வித்தியாசம். சாப்ட்டு வந்து விவரமா எழுதறேன்.

6 ஏப்ரல், மதியம் 2:50

நான் கடைக்காரன் கிடையாது, ஆனா ஈரோட்டுல எங்க சித்தப்பா ஸ்கிரீன் தைக்கிற கடை வெச்சிருந்தார், லீவுல அங்கதான் கிடப்போம், துணி மடிச்சு வெக்கறது ரிங் எண்ணிக் குடுக்கறது எல்லாம் எங்க வேலை. அதனால இந்த கணக்கு தூக்கத்துல கேட்டாலும் வரும்.

முதல்ல அகலம். உங்க ஜன்னல் 60 இன்ச். ராட் அதே 60 இன்ச்ல முடிஞ்சா ரெண்டு பிரச்சனை. மூடினா ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் கீத்து கீத்தா வரும், திறந்தா துணி முழுக்க கண்ணாடி மேலயே குவிஞ்சு நிக்கும், 5 அடி ஜன்னல் வாங்கிட்டு மூணரை அடிதான் வெளிய தெரியும். அதனால ரெண்டு பக்கமும் 6 இன்ச் தாண்டி பிராக்கெட் அடிப்பாங்க. 72 ஆச்சா. துணி 48 இன்ச்னு போட்டிருந்தாலும் ரெண்டு ஓரமும் மடிச்சு தைச்சா கைக்கு வர்றது 45 கிட்டத்தான். 2 பார்ட்னா 90. 72 இன்ச் ராடுல 90 இன்ச் துணி, அதாவது ஒண்ணேகால் மடங்கு. மூடினா மடிப்பே இருக்காது, ஸ்கூல் ஆண்டு விழா மேடைல கட்டின வேட்டி மாதிரி தட்டையா நிக்கும். 3 பார்ட்னா 135, ஏறக்குறைய 1.9 மடங்கு. பாக்க நல்லா இருக்கறது அங்கதான்.

இனி உயரம். நம்ம ஊர்ல பெரும்பாலும் ஜன்னல் மேல் மட்டம் தரைல இருந்து 7 அடி, 84 இன்ச். அதுக்கு மேல 6 இன்ச்ல ராட் வெச்சா 90. தரைல உரசாம ஒரு இன்ச் தூக்கணும், 89. ரிங் ஸ்கிரீன்ல, அதாவது துணில ஓட்டை போட்டு வளையம் அடிச்சு அது வழியா ராடைக் கோக்கறதுல, ராடுக்கு மேலயும் ஒன்றரை இன்ச் துணி நிக்கும், 90.5. கீழ 4 இன்ச் பட்டி, அதை ரெண்டு மடியா மடிச்சு அடிக்கிறதால 8 இன்ச் போகும், மேல ரிங் போடற இடத்துக்கு 4 இன்ச், மொத்தம் 12. எல்லாம் சேத்து 102.5 இன்ச். 2.54ஆல பெருக்குங்க, 260 சென்டிமீட்டர். உங்க கடைக்காரர் சொன்ன 2.6 மீட்டர் நூல் பிசகாம வருது. அவர்கிட்டயே போங்க.

6 ஏப்ரல், மதியம் 3:15

ஒண்ணு விட்டுட்டேன். மேல இருக்கறது தரை வரைக்கும் தொங்கற ஸ்கிரீனுக்கு. ஜன்னல் அளவுக்கு மட்டும் போதும்னா ஜன்னல் அடில இருந்து 6 இன்ச் கீழ வரைக்கும் விட்டு நிறுத்திக்கலாம். ரெடிமேடா வாங்கறவங்களுக்கு 5 அடி ஜன்னலுக்கு, 7 அடி கதவுக்கு, 9 அடி பெரிய கதவுக்குன்னு வரும். பிரச்சனை என்னன்னா ராட் 90 இன்ச்ல இருந்தா 7 அடி ரெடிமேட் தரைக்கு 7 இன்ச் மேலயே நின்னுடும், குட்டையாப் போன யூனிஃபார்ம் பேன்ட்டோட நிக்கிற பையன் ஞாபகம்தான் வரும். 9 அடி வாங்கி வெட்டித் தைக்கணும். இல்லேன்னா ரெடிமேட் உயரத்துக்கு ஏத்த மாதிரி ராடை இறக்கணும். ரெடிமேட்னா துணியை முதல்ல வாங்கு, ராடை அப்பறம் அடி. தைக்கக் குடுக்கறதுன்னா ராடை முதல்ல அடி, அப்பறம் அள. இந்த வரிசை மாறினா யாராலயும் காப்பாத்த முடியாது.

6 ஏப்ரல், இரவு 9:30

"ரெண்டு மடங்கெல்லாம் கடைக்காரனுங்க கட்டின கதை, நான் ஒன்றரை மடங்குலயே ஓட்டறேன்"னு ஒருத்தர் கீழ பொங்கியிருக்கார். ஓட்டலாம் சார், யார் வேணாம்னா. கனமான வெல்வெட், ஜக்கார்ட் மாதிரி துணியா இருந்தா ஒன்றரையே போதும், அதுக்கு மேல போட்டா திறக்கும்போது துணி குவிஞ்சு ஒரு பக்கத்துக்கு ஒரு அடி இடம் பிடிக்கும். மெல்லிசு துணி, அந்த வலை மாதிரி உள்ள ஷியர், அதுக்கு ரெண்டு ரெண்டரை இருந்தாத்தான் ஆள் தெரியாம மறைக்கும். நடுத்தர காட்டன், பாலியஸ்டர்க்கு 1.8, 2. துணியைப் பாக்காம மடங்கு சொல்றவங்க பேச்சை நம்பாதீங்க, நான் உட்பட.

7 ஏப்ரல், காலை 7:10

தம்பி, உங்க கேள்வியத் திரும்பப் படிச்சேன். "உயரம் 4.6"னு எழுதியிருக்கீங்க, அடுத்த வரில "நாலரை அடி"ங்கறீங்க. அப்ப அந்த 4.6க்கு 4 அடி 6 இன்ச்னு அர்த்தம், 54 இன்ச். உங்களுக்குப் புரியும், எனக்குப் புரியும், தையல்காரருக்கும் புரியும். ஆனா ஆன்லைன்ல அளவு டைப் பண்ணி ஆர்டர் குடுத்தா அந்த கம்ப்யூட்டருக்கு 4.6னா நாலும் பத்துல ஆறும், 55.2 இன்ச். ஒண்ணேகால் இன்ச் கிட்ட கூடிடும். இது பரவால்ல. 7 அடி 10 இன்ச்சை 7.10னு எழுதற ஆளுங்களை நினைச்சுப் பாருங்க. அவங்க மனசுல 94 இன்ச், கம்ப்யூட்டர் மனசுல 7.1, அதாவது 85 இன்ச்சும் கொஞ்சமும். 9 இன்ச் குறைச்சு வந்து சேரும். திருப்பி எடுத்துக்கோன்னா அளவு குடுத்து தைச்சது ரிட்டர்ன் கிடையாதும்பாங்க.

சித்தப்பா கடைல அடின்ற பேச்சே கிடையாது. கஸ்டமர் என்ன சொன்னாலும் அவர் இன்ச்லதான் எழுதுவார், அதுலயும் அரைக்கால் எல்லாம் நூல் கணக்கு, இன்ச்சுக்கு 8 நூல். "எழுபத்திரண்டு, ரெண்டு நூல்"னு சொன்னா எழுபத்திரண்டேகால். ஆசாரிங்க இன்னிக்கும் அப்படித்தான் சொல்றாங்க. நீங்க நூல் வரைக்கும் போக வேண்டாம், துணிக்கு அது தேவையும் இல்லை, ஆனா முழுக்க இன்ச்ல மட்டும் எழுதுங்க. இல்லேன்னா முழுக்க சென்டிமீட்டர். பாதி அது பாதி இது வேண்டவே வேண்டாம்.

7 ஏப்ரல், காலை 7:25

அப்பறம் எந்த எண் அகலம், எந்த எண் உயரம்னும் எழுதுங்க. 54 x 60னு மொட்டையா எழுதினா ஒருத்தர் அகலத்தை முதல்ல படிப்பார், இன்னொருத்தர் உயரத்தை. "அ", "உ"ன்னு ஒரு எழுத்து போட என்ன செலவு.

7 ஏப்ரல், மாலை 6:40

லிண்டல் பத்தி ஒருத்தர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. ஜன்னலுக்கு மேல 6 இன்ச்ல ராட்னு கணக்குக்காகத்தான் எழுதினேன், ஆனா நிஜத்துல அந்த இடம் வம்பு. ஜன்னலுக்கு நேர் மேல கான்கிரீட் லிண்டல் ஓடும், அது பெரும்பாலும் 6 இன்ச் கனம், அதுக்கு மேலதான் செங்கல். சரியா 6 இன்ச்ல ஓட்டை போட்டா கான்கிரீட்டும் செங்கல்லும் சேர்ற இடத்துல விழும், ஓட்டை வாய் உடைஞ்சு பெரிசாகும், பிளக் பிடிக்காது, நாலு நாள் குழந்தைங்க பிடிச்சு இழுத்தா பிராக்கெட் கைல வந்துடும். 4 இன்ச்ல வையுங்க, ஹாமர் ட்ரில் இருந்தா கான்கிரீட்ல கெட்டியா நிக்கும். வீட்டுல இருக்கற சாதாரண ட்ரில்தான்னா 8 இன்ச்சுக்குப் போங்க, செங்கல்ல சுலபமா இறங்கும். 8ன்னா துணி 2 இன்ச் கூடும், 2.6 மீட்டர் 2.65 ஆகும். அதுக்குத்தான் ராடை அடிச்சுட்டு அளங்கன்னு தொண்டை கிழிய கத்தறேன்.

புது அடுக்குமாடிகள் சிலதுல சுவரே முழுக்க கான்கிரீட், மைவான் முறைல அலுமினிய பலகை வெச்சு ஊத்தினது. அங்க 4, 8ன்ற பேச்சே இல்லை, எங்க தொட்டாலும் ஹாமர் ட்ரில்தான். சுவரைத் தட்டிப் பாத்தாலே சத்தம் சொல்லிடும். பில்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, கரண்ட் பைப் எங்க போகுதுன்னும் சேத்து.

7 ஏப்ரல், மாலை 7:05

ஏசி! ஜன்னல் பக்கத்துலயே ஏசி பாயின்ட் வெச்சிருப்பாங்க, ஸ்ப்ளிட் ஏசி ஜன்னலுக்கு மேலயே உக்காந்திருக்கும். ராடை 8 இன்ச் தூக்கினா ஏசி வயித்துல இடிக்கும், காத்து நேரா துணி மேல அடிச்சு ராத்திரி பூரா ஸ்கிரீன் ஆடும். எங்க வீட்டு பெட்ரூம்ல அப்படித்தான், பேய் வீடு எஃபெக்ட். ஏசி இன்னும் மாட்டலைன்னா ஸ்கிரீனையும் சேத்து யோசிச்சு இடம் சொல்லுங்க. மாட்டியாச்சுன்னா ராட் கீழ இறங்கித்தான் ஆகணும், வேற வழி இல்லை.

9 ஏப்ரல், இரவு 10:15

லாஃப்ட் கேஸ் கேட்டிருக்கற அக்காவுக்கு. நம்ம பழைய வீடுங்கள்ல பரண் லிண்டல் மட்டத்துலயே, 7 அடில, ஜன்னல் சுவரோட சேந்து ஓடும், ஜன்னலுக்கு மேல இடமே இருக்காது. அங்க ராடை பரணோட அடிப்பக்கம் சீலிங் பிராக்கெட்ல மாட்டலாம், இல்லை ட்ராக் போட்டு, அதுக்குள்ள ஓடற கொக்கி (ரன்னர்)ல பிளீட் ஸ்கிரீன், அதாவது மேல மடிப்பு வெச்சுத் தைச்ச ஸ்கிரீன், தொங்க விடலாம். ட்ராக்னா உயரக் கணக்கு மாறும், துணி ராடுக்கு மேல நிக்காது, ட்ராக்குக்குக் கீழதான் தொங்கும், அந்த ஒன்றரை இன்ச்சைக் கூட்டாதீங்க. பரண் கதவு கீழ்ப்பக்கமா திறக்குதான்னும் பாத்துக்கங்க, திறக்கும்போது துணில மாட்டும்.

வாடகை வீடு, ஓனர் ஓட்டை போட விடமாட்டார்னும் அவங்களே கேட்டிருக்காங்க. ஃப்ரேமுக்கு உள்ளயே இறுக்கி நிக்கிற டென்ஷன் ராட் போடலாம், ஆனா ஜன்னல் கதவு உள்பக்கம் திறந்தா முடியாது, வெல்க்ரோ கொசுவலை ஃப்ரேம்ல ஒட்டியிருந்தாலும் இடம் பாத்து வெக்கணும். ஃப்ரேமுக்கு உள்ள எது மாட்டினாலும் அகலத்தை மேல, நடுவுல, கீழ மூணு இடத்துல அளந்து எது சின்னதோ அதை எடுங்க. தேக்கு ஃப்ரேமா இருந்தாலும் வருஷம் போனா கோணும். வெளிய சுவர்ல மாட்டறதுன்னா இந்த நுணுக்கமெல்லாம் வேண்டாம், தாராளமா விடுங்க.

9 ஏப்ரல், இரவு 10:40

அந்தக் காலத்து ஸ்ப்ரிங் ஸ்கிரீன் ஞாபகம் வருது. ரெண்டு ஆணி, நடுவுல பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்ப்ரிங், அதுல கோத்த பாதி ஸ்கிரீன். ஜன்னல்ல கீழ் பாதி மட்டும் மறையும், மேல் பாதில காத்து வரும், தெருவுல போறவனுக்கு உள்ள தெரியாது, உள்ள இருக்கற பாட்டிக்கு தெரு முழுக்க தெரியும். இதைவிட நம்ம ஊர் வெயிலுக்கு ஏத்த டிசைன் நான் பாக்கலை. இப்ப ஹார்டுவேர் கடைல ஸ்ப்ரிங் கேட்டா ஏற இறங்க பாக்கறாங்க, ஆனா கிடைக்குது. ஃப்ரேம் அளவைவிட கொஞ்சம் குறைச்சு வெட்டி இழுத்து மாட்டணும், அதே அளவுக்கு வெட்டினா நடுவுல தொய்ஞ்சு போகும். வாடகை வீட்டு ஜன்னல்ல அந்த ஆணி ரெண்டும் அனேகமா முன்னாடியே இருக்கும், பெயின்ட்டுக்கு அடில தேடுங்க.

12 ஏப்ரல், காலை 8:00

"டேப் முனைல இருக்கற கொக்கி லொடலொடன்னு ஆடுது, ஓட்டை டேப், அதான் அளவு தப்பா வருது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். சார், அது ஆடணும்! வேணும்னேதான் அப்படி ரிவிட் அடிச்சிருக்காங்க. கொக்கியை ஃப்ரேம் ஓரத்துல மாட்டி இழுத்து அளந்தா கொக்கி வெளிய நகரும், சுவர்ல முட்டி அளந்தா உள்ள போகும், கொக்கித் தகடோட கனம் எவ்வளவோ அவ்வளவுதான் ஆட்டம். ரெண்டு வகைலயும் அளவு சரியா வர்றதுக்காக. தயவுசெஞ்சு ஃபெவிக்விக் போட்டு ஒட்டிடாதீங்க.

தனி ஆளா ஃப்ரேமுக்கு உள்ள அளக்கறப்ப டேப்பை மூலைல மடக்கி எண்ணைப் படிக்கவே முடியாது. இடது பக்கத்துல இருந்து அளந்து ஒரு முழு எண்ல, 30ன்னு வெச்சுக்கங்க, அங்க பென்சில் கோடு போடுங்க. அப்பறம் வலது பக்கத்துல இருந்து அந்த கோடு வரைக்கும் அளங்க. ரெண்டையும் கூட்டுங்க. மடக்கறதும் வேண்டாம், ஊகமும் வேண்டாம். வீட்டுக்காரம்மாவை ஸ்டூல் பிடிக்கக் கூப்பிட்டு திட்டு வாங்கறதும் மிச்சம்.

தையல்காரங்க கழுத்துல போட்டிருக்கற துணி டேப் வேண்டாம். 60 இன்ச்ல முடிஞ்சுடும், நம்ம அளக்கறது 90. நடுவுல விரல் வெச்சு மாத்தி அளக்கும்போது அங்கதான் இன்ச் தொலையும். இழுத்து இழுத்து பழசானதுன்னா அதுவே நீண்டிருக்கும்.

12 ஏப்ரல், மாலை 5:20

தரை இடைவெளி பத்தி இன்னொரு யோசனை. ஒரு இன்ச்னு சொன்னேன், அரை இன்ச் போதும், அப்பத்தான் அழகுன்னு ரெண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கீங்க. அழகு வாஸ்தவம். உங்க வீட்டுல மாப் போடறவங்க ஸ்கிரீனைத் தூக்கிப் பிடிச்சுட்டா துடைப்பாங்க? பக்கெட் தண்ணில நனைஞ்ச மாப் போறப்ப ஸ்கிரீன் அடியையும் சேத்து ஒரு தடவு தடவிட்டுத்தான் போகும், ஆறு மாசத்துல கீழ ஒரு பழுப்பு கோடு விழும். வெளிர் நிறத் துணின்னா நான் ஒன்றரை இன்ச் கூட தூக்கச் சொல்வேன். அதோட தரை மட்டம்னு ஒண்ணு கிடையாதுங்க, குறிப்பா பால்கனி பக்கம் தண்ணி வாட்டம் விட்டிருப்பாங்க. ராடுல இருந்து தரை வரைக்கும் இடது, நடு, வலது மூணு இடத்துலயும் அளந்து சின்னதை எடுங்க. இங்கயும் சின்னதுதான்.

13 ஏப்ரல், காலை 6:50

ஈரோட்டு கனி மார்க்கெட், சென்னிமலை, கரூர்னு துணி வாங்கற இடமெல்லாம் பட்டியல் போட ஆரம்பிச்சுட்டீங்க, சந்தோஷம். கைத்தறி காட்டன்ல ஸ்கிரீன் தைச்சா சென்னை வெயிலுக்கு அருமையா இருக்கும், ஆனா தைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணில போட்டு எடுத்துடுங்க. 90 இன்ச் துணி 3 சதவீதம் சுருங்கினாலே கிட்டத்தட்ட 2.7 இன்ச் போச்சு. நனைக்க நேரமில்லைன்னா கீழ் பட்டியை தாராளமா விடச் சொல்லுங்க. நான் முதல் நாள் சொன்ன ரெட்டை மடிப்பு அதுக்கும் உதவும், சுருங்கினா பிரிச்சு இறக்கிக்கலாம். பட்டியைக் குறைச்சு துணியை மிச்சம் பிடிக்கிற தையல்காரர் உங்களுக்கு நல்லது பண்ணலை.

பாலியஸ்டர் ஆளுங்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவங்களுக்கு வேற கவலை, மே மாசம் கரண்ட் போனா தெரியும்.

13 ஏப்ரல், காலை 7:30

பூ டிசைன் துணி எடுத்திருக்கற தங்கச்சிக்கு: உங்க கடைக்காரர் 2.6க்கு பதிலா 3 மீட்டருக்கு மேல கேக்கறாருன்னா அதுவும் ஏமாத்து இல்லை. பெரிய டிசைன் துணில ஒரு பூ முடிஞ்சு அதே பூ மறுபடி வர்றதுக்கு ஒரு அளவு இருக்கும். அது 24 இன்ச்னு வைங்க. எல்லா பார்ட்டுலயும் பூ ஒரே வரிசைல நிக்கணும்னா 102.5 இன்ச்சை 24ஓட மடங்கா ஏத்தணும், 120 வரும். 3.05 மீட்டர். வெட்டின மிச்சம் உங்க துணிதான், கேட்டு வாங்குங்க, குஷன் கவருக்கு ஆகும். பிளெயின் துணிக்கு இந்தச் செலவு இல்லை, அதனாலயே எனக்கு பிளெயின் பிடிக்கும்.

14 ஏப்ரல், மதியம் 12:10

புத்தாண்டு வாழ்த்துகள். பாயசம் குடிச்சுட்டு வந்து பாத்தா தம்பி ஒரு கேள்வி கேட்டு வெச்சிருக்கார்: "3 பார்ட்னா ஒரு பக்கம் 2, ஒரு பக்கம் 1ஆ? கோணலா இருக்காதா?"

இருக்கும். ரெண்டு வழி. ஒண்ணு, நடு பார்ட்டை நெடுக்க ரெண்டா வெட்டி ரெண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரையா இணைச்சுத் தைக்கறது. 8 ரிங் வர்ற பார்ட்ல பாதிக்கு 4, சேத்தா ஒரு பக்கத்துக்கு 12. ரிங் எப்பவும் ரெட்டைப்படைல இருக்கணும், அப்பத்தான் துணியோட ரெண்டு ஓரமும் சுவரைப் பாத்து திரும்பும், ஒத்தைப்படைன்னா ஒரு ஓரம் ஹாலைப் பாத்து நீட்டிக்கிட்டு நிக்கும். இணைப்புத் தையல் மடிப்புக்குள்ள ஒளிஞ்சுடும், தெரியாது. இன்னொண்ணு, வெட்டாம 2, 1னே விட்டுட்டு எப்பவும் ஒரே பக்கமா ஒதுக்கறது. ஜன்னலுக்கு ஒரு பக்கம் சுவர் மூலை, 6 இன்ச் கூட இடம் இல்லைன்னா இதுதான் நல்லது. நான் இணைக்கச் சொல்வேன். எங்க வீட்டுல மூணும் தனித்தனியா தொங்குது, துவைக்க சுலபம்னு மேலிடத்து உத்தரவு. மெஷின்ல ஒன்றரை பார்ட் கனத்தையும் போட்டுப் பாத்தா அவங்க சொல்றதும் நியாயம்தான்.

14 ஏப்ரல், மதியம் 12:30

கடைசி ரிங் எங்க போகணும்னு நிறைய பேருக்குத் தெரியறதில்லை. பிராக்கெட்டுக்கு வெளிய, ராடு முனைல இருக்கற குமிழுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல. அது அங்க மாட்டிக்கிட்டாத்தான் ஸ்கிரீனை இழுத்து மூடும்போது மொத்தத் துணியும் கூட வராம ஓரம் நிலையா நிக்கும், மேற்கு வெயிலும் அந்த ஓரத்துல நுழையாது. அதுக்கு பிராக்கெட் தாண்டி ரெண்டு மூணு இன்ச் ராட் வேணும். அதனால கடைல ராட் வெட்டச் சொல்லும்போது 72ன்னு சொல்லாதீங்க, 77, 78ன்னு சொல்லுங்க. பிராக்கெட் டு பிராக்கெட் வேற, ராட் நீளம் வேற. 6 அடி ராடுக்கு நடுவுல ஒரு பிராக்கெட் வேற வரும், 3 பார்ட் துணி கனம் தாங்கணும்ல. நடு பிராக்கெட்டைத் தாண்டி ரிங் போகாது, அதனால எந்தப் பக்கத் துணி எதுவரைக்கும்னு முன்னாடியே முடிவாயிடும். ஒரே பக்கமா ஒதுக்கற ஆளுங்க இதை யோசிச்சுட்டு கனமான ராடா, 1 இன்ச் பைப்பா வாங்கி நடு பிராக்கெட் இல்லாம ஓட்டப் பாருங்க.

20 ஏப்ரல், இரவு 8:45

பட்டுச் சேலைல ஸ்கிரீன் போடலாமான்னு கேட்ட அம்மாவுக்கு: வேண்டாங்க, வெயில் பட்டா பட்டு நைஞ்சு கிழியும். பழைய காட்டன் சேலைன்னா பிரமாதம். அஞ்சரை மீட்டர் சேலை 216 இன்ச், அகலம் 45ல இருந்து 47 வரைக்கும் இருக்கும். 102.5 இன்ச்ல ரெண்டு பார்ட் 205, அளந்து வெச்ச மாதிரி வருது, மிச்சம் 11 இன்ச்ல ஸ்கிரீனை ஒதுக்கிக் கட்ட பட்டி தைச்சுக்கலாம். கரை ரெண்டும் மேல இருந்து கீழ ஓடும், ஓரம் மடிச்சு அடிக்கவே வேண்டாம். முந்தானை ஒரு பார்ட்ல மட்டும்தான் வரும், அதைக் கீழ வர்ற மாதிரி வெட்டச் சொல்லுங்க. எங்க அம்மாவோட சுங்குடிச் சேலை ஒண்ணு இப்படித்தான் பூஜை ரூம் வாசல்ல தொங்குது. வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் எந்தக் கடைல வாங்கினீங்கன்னு கேக்கறாங்க, அம்மா விலையை மட்டும் கூட்டிச் சொல்றாங்க.

3 மே, காலை 9:15

அக்னி நட்சத்திரம் நெருங்குது, "பிளாக்அவுட் (வெளிச்சம் புகாத துணி) போட்டும் மேற்கு ரூம் கொதிக்குது"ன்னு வரிசையா வர ஆரம்பிச்சிருக்கு. ஸ்கிரீன் உள்பக்கம் தொங்குது, வெயில் கண்ணாடியத் தாண்டி உள்ள வந்தப்பறம்தான் துணி மேல படுது, அப்பவே சூடு உள்ள வந்தாச்சு. இருட்டு கிடைக்கும், குளிர்ச்சி ஓரளவுக்குத்தான். வெயிலை வெளியவே நிறுத்தணும், சன்ஷேட் நீட்டிப்பு, இல்லை பால்கனில மூங்கில் தட்டி. இதை ஸ்கிரீன் கடைல சொன்னா முறைப்பாங்க.

3 மே, காலை 11:50

மூங்கில் தட்டி அளவு கேட்டவங்களுக்கு. அகலம் பால்கனி தூணுக்கு வெளிய தொங்கறதுன்னா ரெண்டு பக்கமும் 3 இன்ச் கூட்டுங்க, உள்ள தொங்கறதுன்னா ஒரு இன்ச் குறைங்க, மூணு இடத்துல அளந்த பிறகு. உயரம் கைப்பிடிச் சுவருக்கு ஒரு அடி கீழ வரைக்கும், காத்தடிச்சா அடிக்கட்டையை கிரில்லோட கட்டி வெக்க வேண்டியிருக்கும், அதுக்கு இடம் வேணும். சுருட்டி மேல ஏத்தினா உருளை நல்ல மொத்தமா வரும், பால்கனி கதவு வெளிய திறந்தா தலைல இடிக்குதான்னு கதவைத் திறந்து வெச்சுப் பாருங்க. துணி உலத்தற கம்பி எங்க இருக்குன்னும் பாருங்க, ரெண்டும் ஒரே இடத்துக்கு சண்டை போடும்.

அப்பறம் இழுக்கற கயிறு எந்தப் பக்கம் வேணும்னு ஆர்டர் குடுக்கும்போதே சொல்லிடுங்க, வீட்டுக்கு உள்ள நின்னு பாத்தா வலதா இடதான்னு. சொல்லலைன்னா அவங்களா ஒரு பக்கம் வெச்சுடுவாங்க, அங்கதான் உங்க வாஷிங் மெஷின் நிக்கும்.